நூறு அடிக்கு ஒரு தேயிலைக் கொட்டை

எழுதத் தொடங்கும் முன்பே பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டியவனாக இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன் பிறகு எழுதியதெல்லாம் லீவுக் கடிதமும், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த சில கடிதங்களும்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காத ஒருவன் முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு நேரம் பேசலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. சொல்லப் போவதும் பெரிய விஷயமில்லை. என்னுடைய வலது பாதத்தைப் பற்றியது. நேரமில்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டால் நான் குறையாக நினைக்க மாட்டேன்.

எங்கள் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்போம். ஸ்டோரில் பன்னிரண்டு வருடம் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து அடித்தேன். தகரத்தில் வெட்டிய அச்சைப் பலகைப் பெட்டியின் மேல் வைத்து, கறுப்பு மையைத் துணிப் பந்தால் ஒற்றி எடுக்க வேண்டும். சின்ன முக்காலியில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை. பெட்டியை மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள், தள்ளிக்கொண்டு போவார்கள். நான் எழுந்திருக்க வேண்டியதில்லை. பேச வேண்டியதுமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் பலகைப் பெட்டிகள் நின்று கடதாசிப் பைகள் வந்தன. பைகள் கொழும்பிலிருந்து எழுத்தோடேயே வந்தன. முக்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஸ்டோரில் வேலை இல்லாத ஆண்களை மலைக்கு அனுப்புவார்கள். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட வேண்டும், தண்ணீர் ஓடக் கான் வெட்ட வேண்டும். சின்ன வயதில் முறிந்து கோணலாக ஒட்டிய இடது மணிக்கட்டை வைத்துக்கொண்டு என்னால் இரண்டும் முடியாது. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் தபால்காரர் வயதாகி நின்றதால் கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“மூணு பாஷையிலயும் வெலாசம் வாசிப்பீங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒருத்தர் வீட்டுக் கடுதாசியப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேச மாட்டீங்க. ஒங்க வாய்க்குப் பூட்டே தேவையில்ல” என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“ஜூன் முடியும்வரைக்கும் பாப்போம். பத்தரைக்குள்ள பை இந்த மேசையில இருக்கணும். சரி வராட்டி மலைதான். வேற எடம் இல்ல.”

வேலை இதுதான். காலை ஆறரைக்குத் தோட்டத்து ஆபீசில் தோல் பையை எடுத்து, ஒன்றரைக் கட்டை மண் ரோட்டில் ஏறிப் பெரிய ரோட்டுச் சந்திக்குப் போக வேண்டும். கட்டை என்றால் இங்கே மைல். சந்தியிலிருந்து அப்புத்தளைத் தபால் கந்தோருக்கு இன்னும் இரண்டு கட்டை. அங்கே ஒன்பது மணிக்குப் பையைக் கட்டிக்கொடுப்பார்கள். அதே வழியில் இறங்கி வர வேண்டும்.

பழைய தபால்காரர் முப்பது வருடம் இதைச் செய்தவர். அவர் போன வேகத்திலேயே நானும் போக வேண்டும் என்று நினைத்தேன். ஜனவரியில் முதல் நாளே முழுவதையும் நடந்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு. இறங்கும்போது, பிந்திவிடுமோ என்ற பயத்தில் கல் படிக் குறுக்கு வழிகளில் ஓடினேன். ஒரு கிழமை, ஏழு நாளும், கெண்டைக்கால் வலித்தது. அது போய்விடும் என்றார்கள், போய்விட்டது. இரண்டாம் கிழமை காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிக்காலில் ஆணி ஏறுவது போல இருந்தது. மூன்றாம் கிழமை பாதத்தின் மேற்பக்கம், இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குப் பின்னால், வீங்கியது. இருபத்தோராம் நாள் சந்தியில் நின்றுவிட்டேன். பெரிய ரோட்டில் போன மரக்கறி லொறிக்காரர் பையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் இறக்கிவிட்டார்.

மருந்துச்சாலையில் அப்போது இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது குறைந்தவர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரும் யாரோடும் அதிகம் பழகாதவர். பேசும்போது மேசையில் இருக்கும் போத்தல்களைப் பார்த்துப் பேசுவார். பாதத்தை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் நான் கத்திவிட்டேன்.

“பதுளைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார்.

படத்தில் எலும்பு வெடித்திருக்கவில்லை. ஆனால் வெடிப்பதற்கு முன்னால் இருக்கிற நிலைமை இது என்று பதுளையில் சொன்னதைத் திரும்பி வந்து சொன்னேன். மருந்துச்சாலை ஐயா தலையாட்டினார்.

“ஸ்டோரில இருக்கேக்க ஒரு நாளைக்கு எத்தினை அடி நடந்திருப்பியள்?”

எனக்குத் தெரியவில்லை. லயத்திலிருந்து முக்காலிக்கு, முக்காலியிலிருந்து லயத்துக்கு. அவர் கடதாசியில் எழுதிப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு என்று வைத்தார். பிறகு கட்டைக்கு இரண்டாயிரத்து நானூறு அடி என்று வைத்து, மூன்றரைக் கட்டையை இரண்டு தடவை பெருக்கினார்.

“ஆயிரத்து இருநூறு அடி நடந்த கால். அதை ஒரே நாளில பதினாறாயிரத்து எண்ணூறுக்கு ஏத்தியிருக்கிறியள். சதை இரண்டு கிழமையில பழகும். எலும்புக்கு அவ்வளவு கெதியாப் பழகத் தெரியாது. மூண்டு கிழமை நடக்கக் கூடாது. பிறகு இரண்டாயிரம் அடியிலயிருந்து துவங்குவம்.”

“பை ஐயா” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பையை என் மனைவி தூக்கினாள். அவளே ஆபீசுக்குப் போய்க் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டாள். நான் அந்த நேரத்தில் லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பெரிய ரோட்டில் பஸ் பிடித்துக்கொள்கிறேன், பத்தரைக்குள் பை வந்துவிடும் என்றிருக்கிறாள். அவர் சொன்னதை அப்படியே வந்து சொன்னாள்.

“யாரு தூக்குறாங்கன்னு அவரு பாக்கலையாம். ஆனா ஜூன் முடிய நீங்க தனியாத்தான் தூக்கணுமாம். பஸ்ஸ நம்பித் தபால் போக முடியாதாம். வந்தா வருமாம், வராட்டி வராதாம்.”

அவளுக்குக் குளிர் மூட்டத்தில் இழுப்பு வரும். அதனால்தான் கொழுந்தெடுப்பதை விட்டிருந்தாள்.

லயத்தில் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தினமும் காலையில் கதவடியில் நின்று கேட்பாள்:

“ஏன் மாமா, எழுந்திரிச்சிட்டீங்களா? தபால்காரி அத்தை போயிட்டாங்க. ஒங்களுக்கு ஏதும் கடுதாசி இருந்தா கொண்டாரச் சொல்லவா?”

என் மனைவி வாய்ப்பேச்சுக்காரி. வழியெல்லாம் பேசிக்கொண்டே போய், பேசிக்கொண்டே வந்தாள். யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று சந்தியிலேயே சொல்லிவிடுவாள். ஆட்கள் அவள் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் காத்து நின்றார்கள்.

“கால சரி பண்ணாட்டி இந்த வேலைய நானே வச்சுக்கிறேன். ஒங்களவிட எனக்குத்தான் மருவாதி” என்றாள்.

அன்று மூட்டத்தில் நனைந்து வந்திருந்தாள். சொல்லி முடிக்கும் முன்பு இருமல் வந்து, அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நான் சுடுதண்ணீர் வைத்தேன்.

மூன்று கிழமை முடிந்ததும் எண்ணத் தொடங்கினேன். ஆயிரங்களை நடந்துகொண்டே நினைவில் வைக்க எனக்கு வரவில்லை. ஆகவே நாற்றுமேட்டுப் பக்கம் விழுந்து கிடந்த தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி இடது சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நூறு அடிக்கு ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். முதல் கிழமை நாளுக்கு இருபது கொட்டை. அடுத்த கிழமை இருபத்தெட்டு. அதற்கடுத்தது முப்பத்தாறு. கூட்டுவது திங்கட்கிழமை மட்டும். ஞாயிறு தபால் இல்லை. அன்று நடையும் இல்லை. காலையில் பாயை விட்டு வைக்கும் முதல் அடியில் வலி இருந்தால் அந்தக் கிழமை கூட்டக் கூடாது. வலி வெயில் ஏறும்வரை நீடித்தால் போன கிழமைக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஐயா சொன்னது இவ்வளவுதான். புதுச் சப்பாத்தும் வாங்கச் சொன்னார். மனைவி அப்புத்தளையில் தடித்த அடியுள்ள கான்வாஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தாள். கயிறு கட்டும் சப்பாத்து நான் அதற்கு முன் போட்டதில்லை.

நான் லயத்திலிருந்து மேலே நடந்து அவளை எதிர்கொள்வேன். முதல் கிழமை தண்ணீர்க் குழாயடியில். பிறகு கொழுந்தெடுப்பவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில். பிறகு கோயில் மரத்தடியில். கிழமைக்குக் கிழமை எதிர்கொள்ளும் இடம் சந்தியை நோக்கி ஏறியது. அங்கிருந்து பையை வாங்கிக்கொண்டு அவளோடு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா வளைவு வரைக்கும் வருவேன். வளைவிலிருந்து ஆபீசுக்கு அவளே கொண்டுபோவாள். நான் லயத்துக்குத் திரும்புவேன்.

இடையில் ஒரு தடவை புத்தி கெட்டது. நாலாவது கிழமை கால் பூப்போல இருந்தது. விடியவே அவளோடு சந்தி வரை ஏறிப் போனேன், பஸ் வரவில்லை, அப்படியே அப்புத்தளை வரைக்கும் நடந்தேன். வலியே இல்லை. அன்றைக்கு ஐயாவிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

“இண்டைக்குச் சொல்லாதேங்கோ. நாளைக்கு விடியச் சொல்லுங்கோ” என்றார்.

விடிய எனக்குச் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. இருபதுக்குத் திரும்பி ஒரு கிழமை, பிறகு ஒரே தாவலில் பழைய நாற்பத்துநாலு. அதன் பிறகு நான் வீரம் காட்டவில்லை.

ஏப்ரலில் எழுபது கொட்டையைத் தாண்டினேன். மண் ரோட்டை ஏறி இறங்க எழுபத்திரண்டு போதும், மேலே பஸ். அதனால் அன்றிலிருந்து பை என் கைக்கு வந்தது. மனைவி வீட்டில் இருந்தாள். பஸ்ஸை விட்டுக் கொஞ்சம் முன்னால் இறங்கி எண்பத்துநாலு வரை கொண்டுவந்தேன். பாதி வழி.

அங்கே நின்றுவிட்டது. காலையில் குதிக்கால் மறுபடி குத்தியது. கூட்டவில்லை. அடுத்த கிழமையும் குத்தியது. மூன்றாம் கிழமை பாதத்தின் மேற்பக்கமும் நோகத் தொடங்கியது. ஐயா சப்பாத்தை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். வழியில் ஓடுகிறேனா என்று கேட்டார். ஓடவில்லை. குறுக்கு வழியா என்றார். இல்லை, ரோட்டால்தான்.

“அப்ப ஏன் எண்டு எனக்கு விளங்கேல்ல” என்றார். கடிதத் தாளில் எழுதி வைத்திருந்த கணக்கை மறுபடி பார்த்தார். மே மாதம் பாதி போயிருந்தது. கவ்வாத்துக்கு ஆள் எடுக்கிற பேச்சு லயத்தில் தொடங்கியிருந்தது.

அந்தக் கிழமை ஒரு வியாழக்கிழமை நான் பையை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு, கிளாக்கர் ஐயா கடிதங்களைப் பிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். மருந்துச்சாலை ஐயா உள்ளே வந்தார். லயத்துப் பக்கம் போய்த் திரும்பியிருக்கிறார். கையில் ஒரு சோடி சப்பாத்து இருந்தது.

“இது ஆருடையது எண்டு தெரியுமோ? துரை பங்களா வளைவில தேயிலைச் செடிக்குக் கீழ கிடந்தது. ஆரோ துலைச்சிட்டினம் போல.”

கிளாக்கர் ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“நம்ம தபால்காரரு சப்பாத்து மாதிரி இருக்கே.”

இருவரும் என் காலைப் பார்த்தார்கள். ஆபீஸ் பியோனும் எட்டிப் பார்த்தார். நான் வெறுங்காலோடு நின்றேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வளைவில் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பது எங்கள் வயதுக்காரர்களின் பழக்கம். எங்கள் அப்பாக்கள் கழற்றினார்கள், நாங்களும் கழற்றினோம். பங்களாவுக்கு முன்னாலும் ஆபீசுக்கு முன்னாலும் காலில் ஏதும் போட்டுக்கொண்டு போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இளம் ஆட்கள் சத்தம் கேட்கச் செருப்போடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். என் மனைவியும் மூன்று மாதம் அந்த வழியில் செருப்போடுதான் பையைக் கொண்டுபோயிருக்கிறாள். நான் அதை யோசிக்கவில்லை. வளைவில் என் கை தானாகக் காலுக்குப் போய்விடும். சப்பாத்துக்குக் கயிறு இருந்ததால் மதகில் உட்கார்ந்து அவிழ்த்து, கையில் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட்டு, செடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன். வளைவிலிருந்து ஆபீஸ்வரை உடைத்த கருங்கல் பரப்பிய ரோடு. கல் குத்துவதால் குதிக்காலைத் தூக்கி, விளிம்பால் வேகமாக நடந்து கடப்பேன்.

“எத்தினை கொட்டை?” என்றார் மருந்துச்சாலை ஐயா.

“ஆறுங்க. ஏற ஆறு, எறங்க ஆறு.”

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

அது நடையில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“இதை யாருங்க கழட்டச் சொன்னது?” என்றார் கிளாக்கர் ஐயா.

“யாரும் சொல்லலைங்க.”

“பத்து வருஷமா இந்த நாக்காலியில இருக்கேன். ஒருத்தர் காலையும் நான் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் ஒங்க காலப் பாக்குறேன். அதுவும் இவரு சொல்லித்தான்.”

பியோன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி, “மாமா, சப்பாத்துக்குத் தூக்கம் வந்துச்சா, செடிக்கடியில படுக்க வச்சீங்களாமே” என்றாள். என் மனைவி சிரிக்கவில்லை. பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கு அத அவுக்காம போங்க. முடியாட்டி சொல்லுங்க. நானே கொண்டுபோறேன். மூட்டம் இன்னும் முடியல.”

இரண்டாவதைச் சொன்னது மெதுவாக.

மறுநாள் வளைவில் நின்றேன். மதகில் உட்காரவும் உட்கார்ந்தேன். எழுந்து, அவிழ்க்காமல் நடந்தேன். சப்பாத்து கல்லில் படும் சத்தம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நுனிக்காலில் போனேன். மருந்துச்சாலை ஜன்னலிலிருந்து குரல் வந்தது:

“நுனிக்காலில நடந்தா அதைவிடக் கூடாது. முழுக்காலையும் வையுங்கோ.”

முழுக்காலையும் வைத்தேன். பங்களா வாசலில் தோட்டக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. ஆபீஸ் படியில் ஏறும்போது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நடந்தது ஆறு கொட்டை தூரம்தான்.

அடுத்த கிழமையே காலைக்குத்தல் குறைந்தது. எண்பத்துநாலில் ஒரு கிழமை வலியில்லாமல் இருந்துவிட்டுத்தான் ஐயா கூட்ட விட்டார். நாட்கள் குறைவாக இருந்தன. ஆனாலும் கிழமைக்குப் பத்தே போதும் என்றார். அப்படிக் கூட்டினால் ஜூன் முடிவில் முழு வழிக்கு வர முடியாது. கிளாக்கர் ஐயாவிடம் அவரே போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஜூலை முடிய என்று தவணை மாறியது. அதை என்னிடம் சொல்லும்போது கிளாக்கர் ஐயா, “இதுக்கு மேல கேக்காதீங்க, ரெண்டு பேரும்” என்றார்.

ஜூலையில் இந்தச் சரிவில் காற்று பலம். சந்திக்கு மேலே சில இடங்களில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நூற்று முப்பத்துநாலு. நூற்று நாற்பத்துநாலு. சட்டைப்பைகள் கொட்டையால் தொங்கின. நூற்று ஐம்பத்துநாலில் ஒரு காலை வலித்தது. அந்தக் கிழமை கூட்டவில்லை. நாட்கள் கைநழுவுவது தெரிந்தும் கூட்டவில்லை. கடைசிக் கிழமை மிச்சமிருந்த பதினாலையும் கூட்டி, பஸ்ஸில் ஏறுவதை விட்டேன்.

தவணையின் கடைசி நாளும் முழு வழியும் நடந்தேன். வளைவுக்கு வரும்போது தூரத்திலேயே கண்டேன்: பெரிய துரை ஆபீஸ் படியில் நாயோடு நின்றிருந்தார். அவர் அங்கே நிற்கிற நாளில் நான் அதுவரை வந்ததில்லை. மதகைப் பார்த்தேன். இடது பையில் ஆறு கொட்டை மிச்சம் இருந்தது. எண்ணிக்கொண்டே நடந்தேன். படியடிக்கு வந்தபோது கடைசிக் கொட்டை வலது பைக்குப் போயிருந்தது. நாய் என் சப்பாத்தை முகர்ந்தது. துரையும் குனிந்து பார்த்தார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார்.

“புது சப்பாத்தா?”

“இல்லைங்க தொரை. பழசுங்க.”

“ம்” என்றார். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு பங்களாப் பக்கம் போனார்.

மேசையில் பையை வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. கிளாக்கர் ஐயா அதைப் பார்த்தார். பிறகு பைக்கட்டை அவிழ்த்தார். “நாளைக்கும் இதே நேரம்தானே?” என்றார். ஆமாங்க என்றேன்.

மறுநாள் மழை. மனைவி காம்பராவில் இருந்தாள். பையில் ஒன்பது கடிதங்கள் வந்திருந்தன. பத்து இருபத்தைந்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். நூற்று அறுபத்தெட்டு.